இன்ஸ்பெக்டர் வருகிறார்! – நெ.து.சுந்தரவடிவேலுவின் வாழ்க்கையும் நமக்கு ஒரு வேலையும்



மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்க, பழைய ஹாஸ்டல் கதையாக இல்லாமல் எல்லோருக்கும் பயன்படுகிற மாதிரி இருக்கட்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். எனக்கு ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே விஷயமான ஆய்வு, அதாவது இன்ஸ்பெக்ஷன் பற்றியே எழுதலாம் என்று துணிந்தேன். நான் எழுதப் போவது கொதிகலன் ஆய்வு பற்றி அல்ல. பள்ளிக்கூட ஆய்வு என்ற வேலைக்கே புது அர்த்தம் கொடுத்த ஒரு மனிதரைப் பற்றி. பிழை இருந்தால் பொறுத்தருள்க.

முதலில் ஒரு சின்ன ஞாபகம். நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது எங்கள் பள்ளிக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். அந்தக் காலத்தில் நிறைய பள்ளிகளில் இதே கதைதான். ஒரு வாரம் முன்னாடியே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. வாசலில் பெரிய கோலம். இரவல் வாங்கிய நிலவரைபடம் சுவரில் தொங்கியது. மழை பெய்தால் ஒழுகும் மூலை ஒன்று உண்டு. அதன் அடியில் ஒரு மேஜையைப் போட்டு, மேலே துணி விரித்து, பூச்சாடி வைத்துவிட்டார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் முன் வரிசைக்கு வந்தார்கள். தடுமாறி வாசிக்கிற பிள்ளைகள் அன்றைக்கு லீவு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. அந்த லீவு கிடைத்தவர்களில் அடியேனும் ஒருவன்! சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு ஓடினேன். திருப்திகரம் என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனதாக மறுநாள் தெரிந்தது. அந்த வருஷ மழையிலும் அதே மூலை ஒழுகியது.

அந்த லீவின் விலை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. பள்ளியைப் பார்க்க வந்தவர், யாருக்காக வந்தாரோ அந்தப் பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை.

இன்று எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரை உள்ள ஆலைகளில் குழாய்களின் தடிமனை அளப்பது என் தொழில். அல்ட்ராசோனிக் கருவியை வைத்தால் உள்ளே அரிப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நல்ல இடமாகக் காட்டி அளக்கச் சொல்கிறவர்களும் உண்டு. சார், இந்த வளைவில் சந்தேகமா இருக்கு, இதைப் பாருங்க என்று தாமாகவே கூட்டிப் போகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகை ஆலையில்தான் விபத்து குறைவு என்பது என் அனுபவம். ஒருவர் தன் குறையைத் தானே காட்ட வேண்டுமென்றால், பார்க்க வருகிறவர் மேல் அவருக்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உண்டாக்க முயன்றவர்தான் நெ.து.சு. என்று அன்புடன் அழைக்கப்பட்ட நெ.து.சுந்தரவடிவேலு அவர்கள்.

துறைமுகத்தின் பெயரும் அதன் பின்னால் ஒருவரும்

நம் அத்திப்பட்டுக்காரர்களுக்குக் காமராசர் பெயர் தினமும் கண்ணில் படும். 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2014 முதல் காமராசர் துறைமுகம் என்று வழங்குகிறது. 1994-ல் முதல் அலகு ஓடத் தொடங்கிய வடசென்னை அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி வந்து இறங்குவது அங்கேதான். கல்விக் கண் திறந்தவர் என்று காமராசரைப் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். ஆனால் முதலமைச்சர் ஆசைப்பட்டதைக் கிராமத்துக் கடைசிப் பள்ளி வரை கொண்டு போக ஓர் அதிகாரி வேண்டுமே! அந்த அதிகாரியின் பெயர் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவர் பிறந்தது 1912 அக்டோபர் 12. ஊர், காஞ்சிபுரம் பக்கத்தில் நெய்யாடுபாக்கம். பெயருக்கு முன்னால் இருக்கும் நெ. என்பது ஊர், து. என்பது தந்தையார் துரைசாமி. அன்றைக்கு அது செங்கற்பட்டு மாவட்டம். நம்ம அத்திப்பட்டும் அதே மாவட்டம்தான். திருவள்ளூர் மாவட்டம் 1997-ல்தான் வந்தது. ஆக, பழைய கணக்குப்படி பார்த்தால் அவர் நம் மாவட்டத்துக்காரர்!

காஞ்சிபுரத்தில் பள்ளிப் படிப்பு, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. கிராமத்திலிருந்து வந்து பட்டப்படிப்பு முடிப்பது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியம் அல்ல. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதுகூடச் சென்னை ராஜ்யத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது என்றால், அதற்கு இருபது வருஷம் முன்பு நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். மாணவப் பருவத்திலேயே பெரியாரின் சுயமரியாதை இயக்கம் அவரை ஈர்த்தது. குத்தூசி குருசாமியின் துணைவியார் குஞ்சிதம் அம்மையாரின் தங்கை காந்தம் அம்மையாரைச் சாதி பாராமல் சுயமரியாதை முறையில் மணந்துகொண்டார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு அப்படி வாழ்வதற்கு அன்றைக்குத் தனித் தைரியம் தேவைப்பட்டது. அந்தத் தைரியத்தைப் பிற்காலத்தில் அவர் வேலையிலும் பார்க்கிறோம்.

முதலில் அவர் பார்த்தது பஞ்சாயத்து இலாகா உத்தியோகம். ஊர் ஊராகச் சுற்றும் வேலை. பிறகுதான் கல்வித் துறைக்கு வந்து மாவட்டக் கல்வி அலுவலரானார். அந்தப் பஞ்சாயத்து அனுபவம் வீண் போகவில்லை என்று நான் நினைக்கிறேன். கிராமம் எப்படி நடக்கிறது, யார் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், பொதுக் காரியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

பயமுறுத்தும் நாற்காலி

நெ.து.சு. உட்கார்ந்த நாற்காலியின் பழைய வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையை ஒட்டி மாகாணந்தோறும் பொதுக் கல்வித் துறை அமைந்தது. சென்னையில் 1855-ல் அர்பத்நாட் முதல் இயக்குநர் ஆனார். பள்ளி இன்ஸ்பெக்டர்கள் அப்போது வந்தவர்கள்தான். உதவி பெறும் பள்ளிக்கு அரசுப் பணம் வேண்டுமானால் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும்.

அடுத்து வந்தது இன்னும் கெடுபிடியான ஏற்பாடு. இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்குத் தகுந்த மானியம். தேறாத பிள்ளைக்குக் காசு இல்லை! இங்கிலாந்தில் 1862-ல் கொண்டுவந்த முறையை ஒட்டியது இது. சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு மேத்யூ ஆர்னால்ட் என்ற கவிஞரைத் தெரிந்திருக்கும். அவர் பிழைப்புக்குப் பார்த்த வேலை பள்ளி இன்ஸ்பெக்டர். 1851 முதல் 1886 வரை 35 வருஷம். இந்த முறையை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆசிரியர் கவனமெல்லாம் பரீட்சையில் தேறக்கூடிய பிள்ளை மேலேயே போய்விடும், படிப்பு மனப்பாடமாகச் சுருங்கிவிடும் என்பது அவர் வாதம்.

முறை போய்விட்டது. பயம் போகவில்லை. தடுமாறி வாசிக்கிற பையனை வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் இந்த மானியக் கணக்கில் பிறந்ததாக இருக்கலாம் என்று பிறகு எனக்குத் தோன்றியது. நூறு வருஷத்துக்கு முந்தைய பயம், மூன்றாம் வகுப்பில் என்னையும் வந்து தொட்டிருக்கிறது!

1954 – பொறுப்பு வந்தது

1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு அரை நாள்தான் பள்ளி. மீதி நேரம் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. சி.சுப்பிரமணியம் கல்வி அமைச்சர். அந்த ஆண்டுதான் நெ.து.சு. பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்புக்கு வந்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

செய்ய வேண்டியதோ மலையளவு. பள்ளியே இல்லாத ஊர்கள் ஏராளம். நடந்து போகும் தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி என்பது இலக்கு. ஒரே ஒரு ஆசிரியரை வைத்தாவது பள்ளியைத் திறந்துவிடு என்று வேலை நடந்தது. அதற்குக் கண்டனமும் வந்தது. இப்படிக் கண்ட இடத்தில் பள்ளி திறந்தால் தரம் என்ன ஆவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நெ.து.சு. எடுத்த நிலை தெளிவானது: பள்ளிக்கே வராத பிள்ளையின் தரத்தைப் பற்றிப் பேச எதுவும் இல்லை; முதலில் எல்லோரும் உள்ளே வரட்டும், வந்தபின் தரத்தை உயர்த்துவது நம் கடமை. ஆள் சேர்ப்பதும் தரம் உயர்த்துவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதை அவர் ஏற்கவில்லை.

தரம் உயர முதலில் யாரைக் கவனிக்க வேண்டும்? ஆசிரியரை. தனியார் உதவி பெறும் பள்ளி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அதோடு சரி என்ற நிலை இருந்தது. 1955-ல் மூன்று பயன் திட்டம் வந்தது. சேமநிதி, ஆயுள் காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்தது. நாட்டுக்கே முன்னோடி என்று பேசப்பட்ட ஏற்பாடு. முதுமையை நினைத்துப் பயந்துகொண்டே பாடம் நடத்துகிறவரிடம் குறை எழுதி என்ன பயன்?

பசியோடு இருக்கும் பிள்ளையும் தரப் பிரச்சினைதான்

அடுத்தது பிள்ளையின் வயிறு. இந்த விஷயத்தில் நம்ம வடசென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1920-ல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. வண்ணாரப்பேட்டைக் கல்லூரி அவர் பெயரில்தானே இருக்கிறது! அந்த ஏற்பாடு சில ஆண்டுகளில் நின்று போனது.

அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுபோக விரும்பினார் காமராசர். வழக்கம்போல், பணத்துக்கு எங்கே போவது என்று அரசாங்க வட்டாரத்தில் தயக்கம். நெ.து.சு. தயங்கவில்லை. அரசாங்கப் பணம் வரும்வரை காத்திருக்காமல் ஊர் மக்களிடம் கேட்கலாம் என்று இறங்கினார்கள். 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கி வைத்தார். ஊரே போட்டுச் சமைத்தது. அறுவடைக் காலத்தில் நெல், மற்ற நேரத்தில் காய்கறி, விறகு என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஊர்கள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர அரசாங்கமும் முன்வந்தது. 1957 நவம்பர் முதல் மானியம். ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு கணக்கு. 6 காசு அரசு, 4 காசு ஊர். 1961-லிருந்து கேர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பால்பொடியும் தானியமும் வந்து கைகொடுத்தன.

இதில் அந்த 4 காசுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தன் காசு போட்டவன் சும்மா இருக்க மாட்டான். மதியம் பள்ளிப் பக்கம் ஒரு எட்டு போய், குழம்பு எப்படி இருக்கு, பசங்க சாப்பிட்டாங்களா என்று பார்ப்பான். வருஷத்துக்கு ஒரு முறை வருகிற இன்ஸ்பெக்டருக்கு மேல், தினமும் வருகிற ஓர் இன்ஸ்பெக்டர் ஊருக்குள்ளேயே உருவாகிவிட்டார்!

கடம்பத்தூரில் தொடங்கியது

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் வண்டியில் திருவள்ளூர் தாண்டினால் கடம்பத்தூர் வரும். 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதன்முதலில் நடந்தது அங்கேதான். நெ.து.சு. பெயர் சொல்லும் காரியங்களில் இதையே தலையாயதாகச் சொல்ல வேண்டும்.

முறை ரொம்ப எளிமையானது. முதலில் அந்த வட்டாரத்தில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் தலைமை ஆசிரியரும் பள்ளித் துணை ஆய்வாளரும் சேர்ந்து ஒரு பட்டியல் போடுவார்கள். கூரை மாற்றணும், கரும்பலகை வேணும், பெஞ்ச் இல்லை, குடிதண்ணீர்ப் பானை, சுவர்க் கடிகாரம், வரைபடம், சாப்பாட்டுத் தட்டு, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. இப்படி என்னென்ன தேவையோ எல்லாம். ஒவ்வொன்றுக்கும் என்ன விலை ஆகும் என்று எதிரில் எழுதுவார்கள். அடுத்து, அந்தப் பட்டியலோடு ஊர்ப் பெரியவர்கள், விவசாயிகள், கடைக்காரர்கள், பெற்றோர்கள் வீடு வீடாகப் போவார்கள். பெரிய மனிதர் கட்டடம் கட்டிக் கொடுப்பார், சிறிய மனிதர் ஒரு மணியோ பானையோ வாங்கித் தருவார். பிறகு மாநாடு. யார் எந்தப் பள்ளிக்கு என்ன கொடுத்தார் என்பது எல்லோர் முன்னாலும் தெரியவரும். பல மாநாடுகளுக்குக் காமராசரே வந்திருக்கிறார். சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள், கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புக்கு நன்கொடை. அந்தக் காலத்துக் கோடி, அதை மறந்துவிடக் கூடாது!

இதில் ஒளிந்திருக்கும் மாற்றத்தைக் கவனியுங்கள். முன்பு இன்ஸ்பெக்டர் குறை எழுதினால் மானியம் வெட்டு, ஆசிரியர் மேல் நடவடிக்கை. அதனால் குறையை மறைத்தார்கள். கடம்பத்தூர் வழியில் குறையை எழுதினால் பொருள் வரும். கூரை ஒழுகுகிறது என்று முதல் வரியில் எழுதுகிற தலைமை ஆசிரியருக்கே முதலில் ஓடு கிடைக்கும். ஒழுகுகிற மூலைக்கு மேஜை போட்டு மூட வேண்டிய அவசியமே போய்விட்டது. பார்க்கும் கண்ணையும் கொடுக்கும் கையையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார் மனிதர்.

என் தொழிலில் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கரைக் கும்பிடுவோம். 1950-ல் ஜப்பானுக்குப் போய்த் தரக் கட்டுப்பாடு பற்றிச் சொல்லிக் கொடுத்தவர். கடைசியில் வந்து சோதித்துக் கழிப்பதால் தரம் வராது, வேலை செய்யும் முறையிலேயே தரம் வர வேண்டும், தொழிலாளியின் மனதிலிருந்து பயத்தை ஓட்ட வேண்டும் என்பது அவர் உபதேசத்தின் சாரம். ஜப்பான் தொழிற்சாலைகளில் அது பரவிக்கொண்டிருந்த அதே 1950-களில், நம்ம கடம்பத்தூரில் ஒரு தமிழ் அதிகாரி பள்ளிக்கூடத்தில் அதே உண்மையைச் செய்து காட்டினார்.

குறையும் சொல்ல வேண்டும்

பெரியவரைப் பற்றி எழுதுகிறேன் என்று வெறும் புகழ் பாடினால் அது ஆய்வு ஆகாது. நன்கொடையை மட்டும் நம்பினால் வசதியான ஊர்ப் பள்ளி வளரும், ஏழைக் குப்பத்துப் பள்ளி பின்தங்கும். உப்பளமும் மீன்பிடிப்பும் பிழைப்பாக இருந்த நம் கடலோரத்தில் யார் கட்டடம் கட்டித் தர முடியும்? ஆகவே அரசாங்கத்தின் கடமையை ஊர்க்காரர் தலையில் மாற்ற முடியாது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் அரசே பெரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டபோதுதான் சாப்பாடு ஊருக்கு ஊர் மாறாமல் நிலைத்தது.

இன்னொன்று. இன்ஸ்பெக்டர் அன்பாக இருக்க வேண்டும் என்றால் கண்டிப்பே கூடாது என்று பொருள் இல்லை. 2004 ஜூலை 16-ஐ நாம் மறக்க முடியாது. கும்பகோணத்தில் சமையல் இடத்தில் பிடித்த தீ கூரைக் கொட்டகைக்குப் பரவி 94 பிள்ளைகள் உயிரோடு கருகினார்கள். ஒரே கட்டடத்தில் நெருக்கமாக வகுப்புகள், மேலே கீற்றுக் கூரை, குறுகலான வழி. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத குறைகளா? கண்ணால் பார்த்தும் காகிதத்தில் சரி என்று போகவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மற்ற இடத்தில் கை கொடுக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவரே நல்ல ஆய்வாளர்.

பிற்காலம்

1961-ல் மத்திய அரசு நெ.து.சு.வுக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. இயக்குநர் பதவியோடு பொது நூலகத் துறையையும் அவர் கவனித்தார். பிறகு டெல்லியில் மத்தியக் கல்வி அமைச்சகத்திலும் சில காலம் பணி. 1969-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1975 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அன்றைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழே எத்தனை கல்லூரிகள்! ஏபிசிடியிலிருந்து பட்டமளிப்பு வரை, ஒரு மாணவன் ஏறும் எல்லாப் படிகளையும் மேற்பார்த்த மனிதர் என்று அவரைச் சொல்லலாம்.

ஓய்வுக்குப் பின் நினைவு அலைகள் என்ற தலைப்பில் தன் வரலாற்றை விரிவாக எழுதினார். நம் கல்லூரி மாணவர்கள் நூலகத்தில் தேடி எடுத்துப் படிக்க வேண்டிய நூல். ஒரு அதிகாரி தன் வாழ்வை எழுதும்போது கூடவே ஒரு மாநிலத்தின் கல்வி வரலாறும் வந்துவிடுகிறது. 1993 ஏப்ரல் 12 அன்று காலமானார். அவர் மறைந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் ஆரம்பித்து வைத்த விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை.

இன்றைக்கு நாம்

காலம் மாறித்தான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்ற பெயரில், முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்கு உதவும் திட்டம் தொடங்கியது. இதைப் பார்த்ததும் எனக்குக் கடம்பத்தூர்தான் ஞாபகம் வந்தது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி பெற்றோர்கள் அமர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கிறது. பள்ளிக்கு முந்தைய பிள்ளைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975-லேயே வந்துவிட்டது. வெளிநாட்டிலும் இதே யோசனைதான். இங்கிலாந்தில் ஒரு பள்ளி முழுவதற்கும் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதும் முறையை 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்குக் கைவிட்டார்கள். ஒரு வார்த்தை யாரையும் திருத்தாது என்று அவர்களும் கண்டுகொண்டார்கள் போலும். எனக்குத் தெரிந்த அந்த ஒரு வார்த்தை, திருப்திகரம்!

சரி, நாம் என்ன செய்கிறோம்? ஒவ்வொரு சந்திப்பிலும் சாப்பிடுகிறோம், பாட்டுப் பாடுகிறோம், பக்கத்துப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். தப்பில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கு நோட்டுதான் தேவையா என்று ஒரு முறையாவது கேட்டோமா? கேட்காமல் கொடுப்பதும், கொடுக்காமல் குறை எழுதுவதும் ஒரே மாதிரிதான். இரண்டிலும் பள்ளியை யாரும் பார்க்கவில்லை.

ஆகவே சங்கத்துக்கு அடியேனின் பணிவான வேண்டுகோள் ஒன்று. அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி, ஓர் அங்கன்வாடி, இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தலைமை ஆசிரியர், மேலாண்மைக் குழு அனுமதியோடு ஒரு சனிக்கிழமை போவோம். எலெக்ட்ரிக்கல் படித்தவர் எர்த்திங்கும் சுவிட்ச் போர்டும் பார்க்கட்டும். சிவில் படித்தவர் கூரையையும் தண்ணீர்த் தொட்டியையும் கழிப்பறையையும் பார்க்கட்டும். கெமிஸ்ட்ரி படித்தவர் குடிதண்ணீரைச் சோதிக்கட்டும். காமர்ஸ் படித்தவர் ஒவ்வொன்றுக்கும் விலை போடட்டும். இன்றைய மாணவர்கள் பின் வரிசைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அரை மணி நேரம் கதை வாசிக்கட்டும். அப்போதுதான் உண்மைத் தேவை தெரியும். உயிருக்கு ஆபத்தானது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே உரிய அதிகாரிக்கு எழுத்தில் போக வேண்டும். மீதிப் பட்டியலை அடுத்த சந்திப்பில் எல்லோர் முன்னாலும் வாசிப்போம். அவரவர் சக்திக்கு ஒரு வரியை ஏற்றுக்கொள்ளட்டும். அடுத்த வருஷம் அதே பட்டியலோடு திரும்பப் போய், முடிந்ததற்கு டிக் அடித்துவிட்டு, முடியாததை மறுபடி எழுதுவோம்.

அந்தத் திரும்பப் போவதுதான் முக்கியம். ஒரு குழாயை ஒரு தடவை அளந்தால் தடிமன் மட்டும் தெரியும். மறு வருஷம் அதே இடத்தில் அளந்தால்தான் அரிப்பு எந்த வேகத்தில் போகிறது என்று தெரியும். பள்ளியும் அப்படியே.

முதல் பட்டியலை எழுத நான் தயார். என் தடிமன் அளக்கும் கருவியோடு ஒரு ஏணியையும் கொண்டுவருகிறேன். ஏதாவது வகுப்பறையில் மூலையில் துணி விரித்த மேஜையும் பூச்சாடியும் இருந்தால், முதலில் அதை நகர்த்திப் பார்ப்பேன்.

வாழ்க நெ.து.சு. புகழ்! வளர்க நம் சங்கம்!

– இயந்திரவியல் பிரிவு முன்னாள் மாணவன், அத்திப்பட்டு